பலகை விளையாட்டில் கதை எங்கே இருக்க வேண்டும்: அட்டையிலா, விதியிலா?

கேள்வி: கலுங்கோரம்

அனைவருக்கும் வணக்கம். சிவகங்கைப் பக்கத்துக் கண்மாய்ப் பாசனத்தை வைத்து, பள்ளி மாணவர்களும் பெரியவர்களும் சேர்ந்து ஆடக்கூடிய ஒரு பலகை விளையாட்டை உருவாக்கி வருகிறேன். பலகையின் மேற்புறத்தில் வரத்துக்கால்வாய், நடுவில் கண்மாய், அதன் கரையில் மூன்று மடைகள், ஓரத்தில் மிகுநீர் வெளியேறும் கலுங்கு, கீழே கண்மாய் நீர் பாயும் ஆயக்கட்டு வயல்கள் என்று வரைந்திருக்கிறேன். நான்கு பேர் ஆடலாம். ஒருவருடைய வயல் தலைமடையை ஒட்டியும், இருவருடையவை நடுமடையிலும், ஒருவருடையது கடைமடையிலும் இருக்கும். ஒவ்வொரு பருவத்தின் தொடக்கத்திலும் இரண்டு பகடைகளை உருட்டி, விழுந்த எண்ணிக்கைக்கு ஏற்ப நீலக் கண்ணாடி மணிகளைக் கண்மாய்க்குள் போட வேண்டும். அதுதான் அந்த ஆண்டின் மழை. பிறகு தலைமடைக்காரர் முதலில் தமக்கு வேண்டிய நீரை எடுப்பார், மற்றவர்கள் வரிசையாக மிச்சத்தை எடுப்பார்கள். கரை மராமத்துக்காக விளைச்சலில் ஒரு பங்கைப் பொதுவில் வைக்கலாம், வைக்காமலும் போகலாம். பொதுப்பங்கு குறைந்திருக்கும் ஆண்டில் பெருமழை வந்தால் கரை உடையும்.

இதற்கு மேல் நாற்பது கதை அட்டைகள் எழுதியிருக்கிறேன். மடையைத் திறந்து மூடி, முறை வைத்து நீர் பாய்ச்சிய நீர்பாய்ச்சி ஒருவர், கடைமடையில் ஒற்றை ஆளாக உழவு செய்யும் ஒரு பெண், பயிர் கருகியதும் திருப்பூருக்கு வேலைக்குப் போகும் அவருடைய மகன் ஆகியோரின் வாழ்க்கை அந்த அட்டைகளில் துண்டு துண்டாக வருகிறது. ஊர்ப் பெரியவர்களிடம் கேட்டுத் தொகுத்தவற்றிலிருந்துதான் அவற்றை எழுதினேன் என்பதால், விளையாட்டின் உயிர் அவற்றில்தான் இருக்கிறது என்று நம்புகிறேன். ஆனால் ஆடுகிறவர்கள் அட்டையை எடுத்ததும் மேலே உள்ள ஐந்தாறு வரிகளைத் தாண்டி, அடியில் உள்ள ‘இந்தப் பருவத்தில் ஒரு மணி நீர் குறையும்’ என்ற வரிக்கே நேராகப் போகிறார்கள். மணியைக் குறைத்துவிட்டு அட்டையைக் கவிழ்த்து வைக்கிறார்கள். ஆட்டத்தின் முடிவில் தலைமடைக்காரர்தான் பெரும்பாலும் வெல்கிறார். கடைமடைக்காரராக ஆடுபவர் பாதி ஆட்டத்திலேயே ஆர்வம் இழந்துவிடுகிறார்.

என் கேள்வி இதுதான். ஒரு விளையாட்டில் கதை என்பது எழுத்தாகச் சேர்க்கப்படுவதா, அல்லது விதிகளே அதைச் சொல்ல வேண்டுமா? விதிகளே சொல்ல வேண்டுமென்றால், ஒரு குறிப்பிட்ட மனிதரின் வாழ்க்கையை, அதன் பெயரோடும் முகத்தோடும், விதியால் சொல்ல முடியுமா? விளையாட்டு வடிவமைப்பிலோ கதை சொல்வதிலோ அனுபவம் உள்ளவர்கள் உதவ வேண்டுகிறேன்.

மறுமொழி: தாயக்கட்டம்

நண்பரே, தங்கள் கேள்விக்கு விளையாட்டு வரலாற்றிலேயே மிகப் பொருத்தமான ஒரு முன்னுதாரணம் இருக்கிறது. உலகம் முழுவதும் வீடுகளில் ஆடப்படும் மோனோபோலி விளையாட்டின் மூலம், எலிசபெத் மேகி என்ற அமெரிக்கப் பெண்மணி உருவாக்கி 1904 ஜனவரியில் காப்புரிமை பெற்ற ‘லேண்ட்லார்ட்ஸ் கேம்’, அதாவது நிலக்கிழார் விளையாட்டு. நிலத்தின் மதிப்பு உயர்வதற்குச் சமுதாயம் முழுவதும் காரணமாக இருக்கும்போது அதன் பலன் நில உரிமையாளருக்கு மட்டும் போவது அநீதி என்றும், ஆகவே நிலத்தின் மீது மட்டும் வரி விதித்தால் போதும் என்றும் வாதிட்ட ஹென்றி ஜார்ஜின் கருத்துகளை மேகி ஏற்றுக்கொண்டவர். அந்தக் கருத்தை அவர் மேடையில் பேசியதோடு நிறுத்தாமல், பலகையாகவும் பகடையாகவும் போலிப் பணமாகவும் மாற்றினார்.

அவருடைய பலகையில் ஒரு சுற்றை முடித்தவருக்கு உழைப்பின் கூலியாக நூறு டாலர் கிடைக்கும்; அந்த மூலைக் கட்டத்தில் நிலமகளின் மீது செய்யும் உழைப்பே கூலியை உண்டாக்குகிறது என்ற பொருளில் ஒரு வாசகம் இருந்தது. பலகையில் எழுதப்பட்ட கதை ஏறக்குறைய அவ்வளவுதான். மற்ற அனைத்தையும் விதிகள் பார்த்துக்கொண்டன. ஒருவர் முன்கூட்டியே நிலங்களை வாங்கிவிட்டால், அதன் பிறகு அவர் திறமையாக ஆடினாலும் ஆடாவிட்டாலும், மற்றவர்கள் உழைத்து வாங்கிய கூலி வாடகையாக அவரிடம் வந்து சேர்ந்துகொண்டே இருக்கும். தோற்கிறவர் தாம் செய்த பிழை என்ன என்று தேடிப் பார்த்தால் ஒன்றும் அகப்படாது. அவருக்கு முன்னால் வேறொருவர் அந்தக் கட்டத்தில் வந்து நின்றார் என்பதைத் தவிர வேறு காரணமே இல்லை. நூறு பக்கம் எழுதி விளக்க வேண்டிய ஒரு பொருளாதார வாதத்தை ஆடுபவர் ஒரு மாலைப் பொழுதில் தம் சொந்தக் கோபமாக உணர்ந்துவிடுகிறார்.

இதைவிட முக்கியமானது, மேகி அதே பலகைக்கு இரண்டாவது விதித்தொகுப்பையும் சேர்த்தார் என்பது. அதன்படி நிலவாடகை தனிமனிதருக்குப் போகாமல் பொதுக் கருவூலத்துக்குப் போகும். எல்லோரிலும் குறைவாகப் பணம் வைத்திருப்பவர் தம் தொடக்கத் தொகையை இரண்டு மடங்காக்கிவிட்டால் ஆட்டம் முடிந்தது, எல்லோருக்கும் வெற்றி. பலகையும் பகடையும் ஆடும் மனிதர்களும் அப்படியே இருக்க, விதியை மட்டும் மாற்றினால் ஒரே ஊர் வேறு ஊராகிவிடுகிறது என்பதை ஆடுபவரே அடுத்தடுத்து அனுபவித்துப் பார்க்க வேண்டும் என்பதுதான் அவருடைய வடிவமைப்பு.

பின்னால் நடந்ததையும் சொல்ல வேண்டும். இந்த விளையாட்டு பல ஆண்டுகள் கையால் வரைந்த படிகளாகக் கல்லூரிகளிலும் நண்பர் வட்டங்களிலும் பரவியது. அட்லாண்டிக் சிட்டியில் ஆடியவர்கள் தங்கள் ஊர்த் தெருக்களின் பெயர்களை அதில் எழுதிக்கொண்டார்கள். அந்த வடிவத்தைக் கற்றுக்கொண்ட சார்லஸ் டாரோ அதைப் பார்க்கர் பிரதர்ஸ் நிறுவனத்துக்கு விற்க, 1935-ல் அது மோனோபோலியாக வெளிவந்தது. மேகியின் காப்புரிமையையும் அந்த நிறுவனம் ஐந்நூறு டாலருக்கு வாங்கிக்கொண்டது. மோனோபோலியில் இரண்டாவது விதித்தொகுப்பு இல்லை. அது இல்லாமல் போனதும், முதல் தொகுப்பில் இருந்த எச்சரிக்கையே ஆசையாக மாறிப்போனது. மற்றவர்களை ஓட்டாண்டியாக்குவதுதான் குறிக்கோள் என்று குழந்தைகள் மகிழ்ச்சியோடு கற்றுக்கொள்கிறார்கள்.

இதிலிருந்து எனக்குத் தோன்றுவதைச் சொல்கிறேன். விதி மிக வலுவாகப் பேசும். ஆனால் ஒற்றை விதித்தொகுப்பு எதைப் பாராட்டுகிறது, எதைக் கண்டிக்கிறது என்பது தனியாக நிற்கும்போது விளங்காமல் போகலாம். தங்கள் விளையாட்டில் தலைமடைக்காரர் எப்போதும் வெல்கிறார் என்றால், அது பழுது என்று நினைத்து அவசரப்பட்டுச் சரிசெய்துவிடாதீர்கள். அதையே முதல் பாதியாக வைத்துக்கொள்ளுங்கள். மூன்று பருவங்கள் அவரவர் விருப்பப்படி நீர் எடுக்கட்டும்; அடுத்த மூன்று பருவங்கள் நீர்பாய்ச்சி வைக்கும் முறைப்படி நீர் போகட்டும். இரண்டையும் ஒரே ஆட்டத்தில் ஆடியவருக்கு நீர்பாய்ச்சி என்பவர் யார், அவர் இல்லாத ஊர் என்ன ஆகும் என்பதை அட்டை சொல்லித் தெரியவேண்டியதில்லை.

மறுமொழி: முத்திரைமேசை

தாயக்கட்டம் அவர்கள் சொன்னதை ஏற்கிறேன். ஆயினும் கேள்வியின் பிற்பகுதிக்கு, அதாவது பெயரும் முகமும் உள்ள ஒரு மனிதரை விதியால் காட்ட முடியுமா என்பதற்கு, மேகியின் விளையாட்டில் விடை இல்லை. அதில் மனிதர்களே இல்லை, நிலைகள்தாம் இருக்கின்றன. அதற்கு நான் காட்ட விரும்பும் எடுத்துக்காட்டு, லூகாஸ் போப் ஏறக்குறையத் தனியாளாக உருவாக்கி 2013-ல் வெளியிட்ட ‘பேப்பர்ஸ், ப்ளீஸ்’ என்ற கணினி விளையாட்டு.

அதில் நாம் ஆர்ஸ்டோட்ஸ்கா என்ற கற்பனை நாட்டின் எல்லைச் சாவடியில் ஆவணங்களைச் சரிபார்க்கும் அதிகாரி. காலம் 1982-இன் இறுதி. சன்னலுக்கு வெளியே வரிசை நீண்டிருக்கிறது. ஒவ்வொருவராக வந்து கடவுச்சீட்டையும் அனுமதித் தாளையும் நீட்டுகிறார்கள். பெயர், பிறந்த தேதி, படம், காலாவதி நாள், வழங்கிய நகரம் ஆகியவை ஒன்றோடொன்று பொருந்துகின்றனவா என்று பார்த்துப் பச்சை முத்திரையோ சிவப்பு முத்திரையோ குத்த வேண்டும். சரியாக முடித்த ஒவ்வொரு ஆளுக்கும் ஐந்து நாணயம் கூலி. பிழைகளில் நாளொன்றுக்கு முதல் இரண்டுக்கு எச்சரிக்கை, அதற்கு மேல் அபராதம். மாலையில் வீட்டுக் கணக்கு திரையில் வரும்: வாடகை, உணவு, கணப்பு, மருந்து. பணம் போதாவிட்டால் எதை விடுவது என்று நாம்தான் முடிவு செய்ய வேண்டும்.

இந்த விளையாட்டின் மேசையைக் கவனித்துப் பாருங்கள். அது வேண்டுமென்றே சிறியதாக அமைக்கப்பட்டிருக்கிறது. ஐந்தாறு தாள்களைப் பரப்பினால் ஒன்றின் மேல் ஒன்று மறைந்துகொள்ளும். விதிப்புத்தகத்தைத் திறந்தால் கடவுச்சீட்டு அடியில் போய்விடும். தாள்களை இழுத்து, நகர்த்தி, மறுபடி தேடி எடுக்கும் அந்தக் கையலைச்சலிலேயே, அதிகாரியின் எரிச்சல் நமக்கும் தொற்றிக்கொள்கிறது. வரிசையில் நிற்பவர் மனிதர் என்பது மெல்ல மறந்து, கூலியைத் தாமதப்படுத்தும் ஒரு தாளாகத் தெரியத் தொடங்குகிறார். அதிகார வர்க்கம் எப்படிக் கல்லாகிறது என்று ஒரு வரிகூட எழுதாமல், நம் விரல்களைக் கொண்டே அதை நிகழ்த்திக் காட்டிவிடுகிறார் போப்.

அந்த நிலையில் ஒரு நாள் ஒருவர் வருகிறார். அவருடைய தாள்கள் சரியாக இருக்கின்றன. முத்திரை குத்தியதும், எனக்கு அடுத்து வருபவள் என் மனைவி, அவளிடம் கொஞ்சம் தயவாக நடந்துகொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டு உள்ளே போகிறார். அடுத்து அந்தப் பெண் வருகிறார். அவரிடம் நுழைவு அனுமதி இல்லை. அவர்கள் பேசுவது மிகச் சில வரிகள்தாம். ஆனாலும் அந்த வரிகளை யாரும் தாண்டிப்போவதில்லை, ஏனென்றால் அவை வரும் நேரத்தில் முத்திரை நம் கையில் இருக்கிறது. அனுமதித்தால் பிழைக்கணக்கில் ஒன்று ஏறும். அன்றைக்கு ஏற்கெனவே இரண்டு பிழைகள் செய்திருந்தால் வீட்டுக்குப் போகும் கூலியில் ஐந்து நாணயம் குறையும்.

தங்கள் அட்டைகள் படிக்கப்படாமல் போவதற்குக் காரணம் அவற்றின் எழுத்து நடையில் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. அட்டை வரும்போது ஆடுபவர் செய்வதற்கு எதுவும் இல்லை. ஒரு மணி நீர் எப்படியும் குறைந்துவிடும். முடிவெடுக்க வேண்டிய இடத்தில் வராத சொற்களை ஆடுபவரின் மனம் அலங்காரமாகக் கருதி ஒதுக்கிவிடும். ஆகவே அட்டைகளைக் குவியலிலிருந்து எடுக்கும் முறையைக் கைவிட்டு, அவற்றைக் கடைமடைக்காரரின் கையில் கொடுத்துப் பாருங்கள். தலைமடைக்காரர் மடையைத் திறக்கக் கை வைக்கும் கணத்தில், கடைமடைக்காரர் ஓர் அட்டையை அவர் முன்னால் வைத்து உரக்கப் படிக்கட்டும். ‘நாற்று முற்றிவிட்டது, இந்த வாரம் நீர் வராவிட்டால் மகனைத் திருப்பூருக்கு அனுப்பிவிடுவேன்’ என்று இரண்டு வரி போதும். அதைக் கேட்ட பிறகு தலைமடைக்காரர் நீரை எடுக்கலாம், விடலாம். எடுத்தால் அந்த அட்டை அவர் முன்னாலேயே ஆட்டம் முடியும்வரை முகம் தெரிய மலர்ந்து கிடக்கட்டும். மகன் ஊரைவிட்டுப் போனதால் கரை மராமத்துக்கு ஓர் ஆள் குறையட்டும். அப்போது அந்தப் பெண்மணிக்குப் பெயரும் முகமும் வந்துவிடும்.

மறுமொழி: மூன்றுபுலி

மேலே இருவரும் சொன்னவை பயனுள்ளவை. இருந்தாலும் கேள்வியில் ஓரமாகச் சொல்லப்பட்ட ஒன்றை இருவருமே போதிய அளவு கவனிக்கவில்லை. கடைமடைக்காரராக ஆடுபவர் ஆர்வம் இழந்துவிடுகிறார் என்பதே என் பார்வையில் முதன்மையான சிக்கல். கதை சொல்வதற்கு முன்னால் அது விளையாட்டாக இருக்க வேண்டும். செய்வதற்கு எதுவும் இல்லாமல் ஒருவரை ஒரு மணி நேரம் உட்கார வைத்துவிட்டு, கடைமடை உழவரின் துயரத்தை அவருக்கு உணர்த்திவிட்டதாக நாம் சொல்லிக்கொள்ள முடியாது. அவர் உணர்வது சலிப்பு. உழவர் உணர்வது சலிப்பு அல்லவே.

வலிமையில் சமமில்லாத இரு தரப்பை எப்படி அமைப்பது என்பதற்கு நம்மிடமே ஆடுபுலி ஆட்டம் இருக்கிறது. கோயில் மண்டபத் தரைகளில் செதுக்கப்பட்டிருக்கும் அந்தக் கட்டத்தில் பரவலாக ஆடப்படும் வடிவத்துக்கு மூன்று புலிகள், பதினைந்து ஆடுகள், இருபத்து மூன்று புள்ளிகள். புலி ஆட்டைத் தாண்டி வெட்டலாம். ஆடு யாரையும் வெட்ட முடியாது. ஆடுகளை ஒவ்வொன்றாகத்தான் பலகையில் வைக்க வேண்டும், எல்லா ஆடுகளையும் வைத்து முடிக்கும்வரை அவை நகரக்கூடாது; புலியோ அதற்குள்ளாகவே வேட்டையைத் தொடங்கிவிடும். விதிகளைக் கேட்ட மாத்திரத்தில் ஆட்டின் பக்கம் யார் ஆடுவார்கள் என்று தோன்றும். ஆனால் பழகியவர்கள் ஆட்டை விரும்பிக் கேட்டு வாங்குவார்கள், ஏனென்றால் ஆட்டுக்காரரிடம் புலிக்காரரிடம் இல்லாத ஒரு வேலை இருக்கிறது. ஓர் ஆட்டுக்குப் பின்னால் இன்னோர் ஆட்டை வைத்தால் புலி அதைத் தாண்ட முடியாது. தனியே நின்றால் இரை, துணையோடு நின்றால் சுவர். அப்படிச் சுவராக்கிக்கொண்டே போய் மூன்று புலிகளையும் அசையவிடாமல் அடைத்துவிட்டால் ஆட்டுக்கு வெற்றி. அதில் கதை அட்டை ஏதும் கிடையாது. வைக்கும் வரிசையிலேயே, அஞ்சுவதும் பொறுப்பதும் சூழ்வதுமாக முழுக்கதையும் நடந்துவிடுகிறது.

ஆகவே கடைமடைக்காரருக்கு வேறுவகையான வலிமை ஒன்றைக் கொடுங்கள். கண்மாய்ப் பாசனத்திலேயே அதற்கு அடிப்படை இருக்கிறது. கரையும் வரத்துக்கால்வாயும் தனியொருவரின் உழைப்பால் நிற்பவை அல்ல. ஆயக்கட்டுக்காரர்கள் எல்லோரும் ஆள் கொடுத்தால்தான் குடிமராமத்து நடக்கும். மராமத்துக்கு விளைச்சலில் பங்கு வைப்பது என்ற விதியை எடுத்துவிட்டு, ஆள் அனுப்புவது என்று வைத்துப் பாருங்கள். நான்கு பேரும் ஆள் அனுப்பினால் மட்டுமே வரத்துக்கால்வாய் முழுமையாகத் திறக்கும் என்றால், கடைமடைக்காரர் அனுப்ப மறுப்பதற்கு ஒரு பொருள் வந்துவிடும். நீ எனக்கு நீர் விடாவிட்டால் நான் உன் கண்மாய்க்கு மண் சுமக்க மாட்டேன் என்று அவர் சொல்ல முடியும். அதன் பிறகு அவர் சலித்து உட்கார மாட்டார்.

இன்னொன்றையும் சேர்த்துச் சொல்கிறேன். வைகுண்ட ஏகாதசி இரவில் கண்விழிப்பதற்காக ஆடும் பரமபதத்தில், ஏணி நற்செயலையும் பாம்பு தீச்செயலையும் குறிக்கின்றன. ஆனால் ஆடுபவர் எந்த நற்செயலையும் தேர்ந்தெடுப்பதில்லை. கட்டை உருண்டபடி ஏறுகிறார், இறங்குகிறார். பலகையில் எழுதியிருப்பது அறம். கை அனுபவிப்பது ஊழ். இரவெல்லாம் விழித்திருந்து, மேலே ஏறிய பிறகும் பாம்பின் வாயில் விழுந்து மறுபடி தொடங்குவதை ஒரு பக்தர் தம் வழிபாட்டின் பகுதியாகவே ஏற்றுக்கொள்வார் என்பதால் அங்கே அது பொருந்துகிறது. தங்கள் விளையாட்டிலோ மழையைப் பகடையிடம் விட்டிருக்கிறீர்கள். கரை உடைவதும் அந்தப் பகடையைச் சார்ந்தே இருக்கிறது. மராமத்தை விட்டதால் உடைந்தது என்று ஆடுபவருக்குத் தோன்றுகிறதா, எண் சரியாக விழாததால் உடைந்தது என்று தோன்றுகிறதா என்று அவர்களையே கேட்டுப் பாருங்கள். இரண்டாவதுதான் விடையாக வரும் என்று அஞ்சுகிறேன்.

மறுமொழி: கலுங்கோரம்

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. மூன்றுபுலி அவர்கள் அஞ்சியது சரிதான். ஆட்டம் முடிந்த பிறகு பேசிக்கொண்டிருக்கும்போது ‘பன்னிரண்டு விழுந்துவிட்டது, என்ன செய்வது’ என்றுதான் சொல்கிறார்கள், மராமத்தைப் பற்றி யாரும் பேசுவதில்லை. மழையை மனிதர் கையில் கொடுக்க முடியாது என்பதால் பகடையை வைத்தேன். வடகிழக்குப் பருவமழை எந்த ஆண்டு பொய்க்கும், எந்த ஆண்டு கொட்டும் என்று யாராலும் சொல்ல முடியாது என்பது எங்கள் பகுதியின் வாழ்க்கையில் அடிப்படையான உண்மை. அதை இழக்காமல், அதே நேரத்தில் முந்தைய ஆண்டுகளின் அலட்சியம் சேர்ந்து சேர்ந்துதான் கரையை உடைக்கிறது என்பதையும் காட்ட வழி உண்டா? அட்டைகளைக் கடைமடைக்காரரின் கையில் கொடுக்கும் யோசனையை உறுதியாகச் செய்து பார்க்கப் போகிறேன்.

மறுமொழி: வண்டல்

வழி உண்டு. மேட் லீகாக் உருவாக்கி 2008-ல் வெளிவந்த ‘பேண்டெமிக்’ என்ற பலகை விளையாட்டில், உலக நகரங்களில் பரவும் நோய்களை ஆடுபவர்கள் ஒரே அணியாகச் சேர்ந்து தடுக்கிறார்கள். எந்த நகரத்தில் நோய் தோன்றும் என்பதை நகரப் பெயர்கள் எழுதிய சீட்டுக்கட்டு தீர்மானிக்கிறது. எடுத்த சீட்டுகள் ஓரத்தில் சேர்ந்துகொண்டே போகும். கொள்ளைநோய்ச் சீட்டு வரும்போது, ஓரத்தில் சேர்ந்திருக்கும் சீட்டுகளை மட்டும் கலைத்து, கட்டின் மேலேயே திரும்ப வைக்க வேண்டும். அதனால் ஏற்கெனவே நோய் கண்ட நகரங்களே மறுபடியும் தாக்கப்படும். எந்த வரிசையில் என்று யாருக்கும் தெரியாது. எந்த நகரங்கள் என்று எல்லோருக்கும் தெரியும். தற்செயல் அப்படியே இருக்கிறது, ஆனால் அதற்கு நினைவு வந்துவிடுகிறது. சென்ற சுற்றில் கவனிக்காமல் விட்ட நகரத்தின் பெயர் மறுபடி வரும்போது மேசையைச் சுற்றியிருப்பவர்கள் விடும் பெருமூச்சுக்கு எந்தக் கதை அட்டையும் ஈடாகாது.

கண்மாய்க்கு அந்த நினைவு இயற்கையாகவே இருக்கிறது. அதுதான் வண்டல். தங்கள் பலகையில் கண்மாயை வெறும் வட்டமாக வரையாமல், ஒரு மணி மட்டும் உட்காரக்கூடிய குழிகளாக அமையுங்கள். பகடை எத்தனை மணி நீரைத் தந்தாலும் குழிகள் கொள்ளும் அளவுதான் நிற்கும். மீதி கலுங்கு வழியே போய்விடும். நல்ல மழை பெய்த ஒவ்வோர் ஆண்டிலும் ஒரு பழுப்புக் களிமண் உருண்டை ஒரு குழியை நிரந்தரமாக அடைத்துக்கொள்ளட்டும். யாராவது ஓர் ஆளை அனுப்பினால் அதை அள்ளலாம்; அள்ளியவர் அதைத் தம் வயலில் கொட்டினால் அடுத்த பருவத்தில் விளைச்சல் கூடும். கண்மாய் வண்டலை எருவாக அடித்தது நம் உழவர்களின் பழைய வழக்கம் என்பது தங்களுக்கு நான் சொல்லித் தெரியவேண்டியதில்லை. இந்த ஒரே விதியில், தமக்காக மண் அள்ளுகிறவர் ஊருக்கும் நன்மை செய்துவிடுகிறார். யாருமே அள்ளாமல் விட்டால் குழிகள் ஒவ்வொன்றாக மூடிக்கொண்டே வருவது எல்லோர் கண்ணிலும் படும். குறிப்பிட்ட எண்ணிக்கைக்கு மேல் உருண்டைகள் சேர்ந்திருக்கும்போது மட்டுமே பெருமழை கரையை உடைக்கும் என்று வைத்துவிட்டால், பன்னிரண்டு விழுந்ததை யாரும் குறை சொல்ல மாட்டார்கள்.

ஆடுபவர்களைச் சோதித்துப் பார்ப்பது பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். ஜெனோவா சென் தலைமையில் உருவாகி 2012-ல் வெளிவந்த ‘ஜர்னி’ என்ற விளையாட்டில், பாலைவனத்தில் நடக்கும் இரு அந்நியர்கள் பெயரோ பேச்சோ இல்லாமல் ஒருவருக்கொருவர் துணையாகிறார்கள். தொடக்கத்தில் அவர்கள் ஒருவரையொருவர் தள்ளி உதவிக்கொள்ளும்படி அமைத்திருந்தார்கள். ஆடியவர்களோ துணைவரைப் பள்ளத்தில் தள்ளுவதிலேயே மகிழ்ந்தார்கள். ஆடுபவர்களின் மனம் கெட்டது என்று உருவாக்கியவர்கள் முடிவு கட்டவில்லை; தள்ளினால் உடனே ஒன்று நடக்கிறது, உதவினால் அவ்வளவு எதுவும் நடப்பதில்லை என்று புரிந்துகொண்டார்கள். தள்ளும் வசதியை எடுத்துவிட்டு, இருவரும் நெருங்கி நின்றால் பறக்கும் ஆற்றல் நிறையும்படி மாற்றியதும் அதே மக்கள் ஒருவரையொருவர் தேடி வந்து நின்றார்கள். ஆகவே தலைமடைக்காரர் கடைமடையைப் பற்றிக் கவலைப்படவில்லையே என்று வருந்துவதைவிட, கவலைப்பட்டால் பலகையில் என்ன அசைகிறது என்று பாருங்கள். சோதனை ஆட்டங்களின்போது அருகில் நின்று விளக்காதீர்கள். வாய் திறக்காமல் அவர்களுடைய கைகளை மட்டும் கவனித்து எழுதிக்கொள்ளுங்கள். எங்கே கை தயங்குகிறதோ அங்கேதான் கதை நடந்துகொண்டிருக்கிறது.

மடை திறப்பதற்கு முன் ஒரு நிமிடம் நால்வரும் பேசிக்கொள்ளலாம் என்ற விதியையும் சேர்க்கப் பரிந்துரைக்கிறேன். பொதுவளங்களை மக்கள் எப்படித் தாங்களே காத்துக்கொள்கிறார்கள் என்ற ஆய்வுக்காக 2009-ல் பொருளாதார நோபல் பரிசு பெற்ற எலினோர் ஆஸ்ட்ரம், தம் சக ஆய்வாளர்களுடன் நடத்திய சோதனைகளில், தண்டனை எதுவும் இல்லாத நிலையில்கூட, முகம் பார்த்துப் பேச அனுமதித்தாலே பொதுவளத்தைச் சுரண்டுவது பெரிதும் குறைந்ததைக் கண்டார். அந்த ஒரு நிமிடப் பேச்சில் தங்கள் அட்டைகளில் உள்ளதைவிட உயிருள்ள வசனங்கள் பிறக்கக்கூடும்.

மறுமொழி: முத்திரைமேசை

வண்டல் உருண்டை அருமையான யோசனை. ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் சற்று மாறுபடுகிறேன். எழுத்தே வேண்டாம் என்ற இடத்துக்கு இந்த உரையாடல் நகர்ந்துவிடக் கூடாது. டொராண்டோவில் உள்ள விசை கேம்ஸ் நிறுவனம் 2023-ல் வெளியிட்ட ‘வெண்பா’ என்ற கணினி விளையாட்டு, 1980-களில் கனடாவுக்குக் குடிபெயர்ந்த ஒரு தமிழ்க் குடும்பத்தைப் பற்றியது. அம்மாவின் சமையல் குறிப்பேட்டில் எழுத்துகள் அழிந்தும் கிழிந்தும் போயிருக்கும்; விடுபட்ட படிகளை நாமே ஊகித்து இட்லியும் புட்டும் செய்து முடிக்க வேண்டும். அங்கே எழுத்தைப் படிப்பதே விளையாட்டு. அழிந்த இடத்தில் என்ன இருந்திருக்கும் என்று யோசிக்கும்போது, தலைமுறைகளுக்கு நடுவே எது தொலைந்துபோகிறது என்பதைக் கையாலேயே தொட்டுப் பார்க்கிறோம். அடுத்த ஆண்டு பிரிட்டனின் பாஃப்டா அமைப்பு வழங்கும் சிறந்த அறிமுக விளையாட்டு விருது அதற்குக் கிடைத்தபோது தமிழர் பலரும் மகிழ்ந்தோம்.

ஆகவே, ஊர்ப் பெரியவர்களிடம் கேட்டுத் தொகுத்ததைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். நீர்பாய்ச்சி எந்த வயலுக்கு எத்தனை நாழிகை என்று வைத்த முறைக்கணக்கு தங்களிடம் இருந்தால், அதைப் பாதி அழிந்த ஓலைபோல ஒரு தாளில் அச்சிட்டுப் பலகையின் நடுவில் வைக்கலாம். இரண்டாவது பாதியில் முறை வைக்க வேண்டிய கட்டம் வரும்போது, விடுபட்ட இடங்களை நால்வரும் பேசி நிரப்ப வேண்டும் என்று விதி வையுங்கள்.

மறுமொழி: கலுங்கோரம்

முறைக்கணக்கு முழுமையாக இல்லை. மூன்று மடைகளில் இரண்டுக்குத்தான் பெரியவர்கள் நினைவிலிருந்து சொன்னார்கள். கடைமடைக்கு எத்தனை நாழிகை என்று கேட்டபோது இருவர் இரண்டு விதமாகச் சொன்னதால் அதை இதுவரை எங்கேயும் பயன்படுத்தாமல் வைத்திருந்தேன். இப்போது அந்த இரண்டு கணக்கையும் அப்படியே அச்சிட்டு, எது சரி என்று ஆடுபவர்களையே தீர்க்கச் சொல்லப் போகிறேன். குழிகளோடு புதிய பலகையை மரத்தில் செய்யத் தச்சரிடம் கொடுத்திருக்கிறேன். களிமண் உருண்டைகளை எங்கள் கண்மாய் மண்ணிலேயே பிடித்து உலர்த்தலாம் என்று எண்ணம்; உலர்ந்த பிறகு கையில் உதிராமல் இருக்க என்ன பூசலாம் என்று தெரிந்தவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.